அண்டர்வோல்ட்டா, மெமரி இன்டெக்ரிட்டியா: எதை விட்டுக்கொடுப்பது?

விண்டோஸ் 11 நிறுவப்பட்டு வந்த ஒரு மடிக்கணினியில் பிராசசரை ட்யூன் செய்யும் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளைத் திறந்து, பிராசசரின் மின்னழுத்தத்தை 80 மில்லிவோல்ட் குறைக்கும்படி, அதாவது அண்டர்வோல்ட் செய்யும்படி கொடுத்து 'அப்ளை' பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. விசிறி அதே இரைச்சலுடன் சுழல்கிறது. அட்டவணையின் 'ஆஃப்செட்' பத்தி மட்டும் +0.0000 என்று அசையாமல் நிற்கிறது. தேடினால் கிடைக்கும் முதல் விடை, மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பு அடங்கிய கோர் ஐசோலேஷனை அணைத்துவிடுங்கள் என்பது. சிலர் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் நிறுத்தச் சொல்கிறார்கள். இன்னும் சிலர், நம்பகமான நிரலோடு மட்டுமே கணினியைத் துவங்கவிடும் செக்யூர் பூட்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த அறிவுரை சில கணினிகளில் பலிக்கும், பலவற்றில் பலிக்காது. பலிக்காத இடத்திலும் பாதுகாப்பு மட்டும் போனது போனதுதான். ட்யூனிங் மென்பொருளைத் தடுப்பவை ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல பூட்டுகள் என்பதையும், ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி வேறு என்பதையும் பார்த்த பிறகே எதை அணைப்பது என்ற கேள்விக்கு வரவேண்டும்.

சாதாரண நிரல் எதுவும் பிராசசரின் மின்னழுத்தத்தைத் தொட முடியாது. அதைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஆர் எனப்படும் உட்பதிவேடுகளில் எழுதும் உரிமை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் நிலையில் இயங்கும் நிரலுக்கு மட்டுமே உண்டு. ஆகவே இத்தகைய மென்பொருள்கள் தம்முடன் ஒரு சிறு டிரைவரையும் கொண்டுவருகின்றன; திரையில் நாம் பார்ப்பது வெறும் முகப்பு, வேலையைச் செய்வது அந்த டிரைவர். இன்டெல் பிராசசர்களில் மின்னழுத்த ஆஃப்செட் எழுதப்படும் இடம், பதினறும எண் முறையில் 150 என்ற முகவரி கொண்ட எம்எஸ்ஆர். அங்கே போய்ச் சேரும் அளவு 11 பிட் நீளமுடையது. ஒரு படி என்பது ஒரு வோல்ட்டின் 1024-இல் ஒரு பங்கு. 100 மில்லிவோல்ட் குறைக்கச் சொன்னால் த்ராட்டில்ஸ்டாப் 99.6 என்று காட்டுவது இதனால்தான்: 102 படிகள் சேர்ந்தால் 99.6 மில்லிவோல்ட். இதனால் கிடைக்கும் பலன் சிறிதன்று. இயங்கும்போது செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வேகத்தில் 1.10 வோல்ட்டை 1.00 வோல்ட் ஆக்கினால் அந்தச் செலவு ஏறத்தாழ 17 சதவீதம் குறைகிறது. ஏசி இல்லாத அறையில் மே மாதம் மடிக்கணினியில் வேலை செய்பவருக்கு இந்த 17 சதவீதத்தின் அருமை தெரியும்.

சிக்கல் என்னவென்றால், மின்னழுத்தத்தை மாற்றுவதற்காக எழுதப்பட்ட டிரைவருக்குப் பெரும்பாலும் அதைவிட அதிக அதிகாரம் இருக்கிறது. கணினியின் நினைவகத்தில் எந்த இடத்தையும் படிக்கவும் எழுதவும் வழிவிடும் டிரைவர்கள் இந்தத் துறையில் சாதாரணம். கிராஃபிக்ஸ் கார்டை ட்யூன் செய்யும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரின் ஆர்டிகோர்64 டிரைவரில் இருந்த, பாதுகாப்புக் குறைகளின் பொதுப்பட்டியலில் சிவிஇ-2019-16098 என்ற எண் கொண்ட குறையை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் பிளாக்பைட் ரான்சம்வேர் கும்பல் பயன்படுத்தி, பாதுகாப்பு மென்பொருள்களின் கண்களைக் கட்டியதை 2022 அக்டோபரில் சோஃபோஸ் வெளியிட்டது. அதற்கு முன்பே, 2020-இல், கிகாபைட்டின் பழைய டிரைவர் ஒன்றை ராபின்ஹுட் ரான்சம்வேர் இதே வகையில் பயன்படுத்தியிருந்தது. 2025 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி வெளியிட்ட ஆய்வில் த்ராட்டில்ஸ்டாப்பின் டிரைவரே சிக்கியது: பௌதிக நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் அது தரும் வழியைக் கொண்டு, மெடூசாலாக்கர் வகை ரான்சம்வேரைப் பரப்பியவர்கள் ஆன்டிவைரஸை முதலில் கொன்றுவிட்டுப் பிறகு கோப்புகளைப் பூட்டியிருந்தார்கள்.

இங்கே பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. தாக்குபவர் இந்த டிரைவரை நம் கணினியில் தேடுவதில்லை, கையோடு கொண்டுவருகிறார். டிரைவரில் முறையான டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நாம் த்ராட்டில்ஸ்டாப்பை நிறுவியிருக்கிறோமா இல்லையா என்பதைவிட, இப்படிக் கொண்டுவரப்படும் டிரைவரைத் தடுக்கும் பூட்டைத் திறந்துவைத்திருக்கிறோமா என்பதே ஆபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

இனி பூட்டுகள். முதலாவது விபிஎஸ் எனப்படும் மெய்நிகராக்கம் சார்ந்த பாதுகாப்பும், அதன்மேல் நிற்கும் மெமரி இன்டெக்ரிட்டியும். விபிஎஸ் இயங்கும் கணினியில் முதலில் எழுந்திருப்பது, மெய்நிகர் கணினிகளை இயக்கும் அடித்தள நிரலான ஹைப்பர்வைசர். விண்டோஸ் அதன்மேல்தான் ஓடுகிறது. எம்எஸ்ஆரில் எழுதக் கெர்னலில் இருந்து வரும் முயற்சிகளை ஹைப்பர்வைசர் இடைமறிக்கிறது, மின்னழுத்த ஆஃப்செட்டை விழுங்கிவிடுகிறது. மெமரி இன்டெக்ரிட்டி இதற்கு மேலாக, கெர்னலில் ஏறும் நிரலின் கையொப்பத்தை விண்டோஸ் கெர்னலாலும் தொட முடியாத தனி இடத்தில் வைத்துச் சரிபார்க்கிறது. அதன் விதிகளுக்கு ஒத்துவராத பழைய டிரைவர்கள் ஏறவே முடியாது. புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 11-இல், வன்பொருள் ஒத்துழைத்தால், இது இயல்பாகவே இயங்குகிறது.

இரண்டாவது, குறையுள்ள டிரைவர்களின் தடைப்பட்டியல். 2022 செப்டம்பரில் வந்த 22எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11-இல் இது எல்லோருக்கும் இயல்பாக இயங்குகிறது. மூன்றாவது டிஃபெண்டர். விசிறி வேகம், வெப்பநிலை, விளக்கு நிறம் ஆகியவற்றைக் கையாளும் எண்ணற்ற மென்பொருள்களுக்கு அடித்தளமாக இருந்த வின்ரிங்0 டிரைவரை 2025 மார்ச்சில் அது ஹேக்டூல் என்று முத்திரை குத்தித் தனிமைப்படுத்தத் தொடங்கியது. ஃபேன் கண்ட்ரோல் போன்றவற்றை நம்பியிருந்தவர்கள் திடீரென்று விசிறிக் கட்டுப்பாட்டை இழந்தார்கள். முத்திரை நியாயமானதே, அந்த டிரைவரின் குறைக்கு 2020-லேயே சிவிஇ எண் கொடுக்கப்பட்டுவிட்டது.

நான்காவது பூட்டுக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதிகமானோரைத் தடுப்பது இதுதான். 2019 டிசம்பரில் பர்மிங்காம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். மேலே சொன்ன அதே எம்எஸ்ஆர் வழியாக மின்னழுத்தத்தை அளவோடு தாழ்த்தினால், எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட அறைக்குள் நடக்கும் கணக்கில் பிழை விழச் செய்து, உள்ளே இருக்கும் ரகசிய சாவியை வெளியே எடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். பிராசசரின் உள்நிரலான மைக்ரோகோடுக்கும், கணினியை எழுப்பும் நிரலான பயாஸுக்கும் இன்டெல் திருத்தம் கொடுத்தது. மடிக்கணினி நிறுவனங்கள் அந்தத் திருத்தத்தோடு அண்டர்வோல்ட் வசதியையே பூட்டிவிட்டன. எஸ்ஜிஎக்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாத பயனர்கள் அதன் பொருட்டுத் தங்கள் மடிக்கணினியின் குளிர்ச்சியை இழந்தார்கள். பிறகு 11-ஆம் தலைமுறை முதல் சாதாரணக் கணினிகளுக்கான கோர் பிராசசர்களில் இன்டெல் அந்த எஸ்ஜிஎக்ஸையே கைவிட்டது. பூட்டு மட்டும் நிலைத்துவிட்டது. பிந்தைய தலைமுறைகளில் 'அண்டர்வோல்ட் புரொடெக்ஷன்' என்ற பெயரிலேயே பயாஸில் இது ஓர் அமைப்பாக வருகிறது: இயங்குதளத்திலிருந்து மின்னழுத்தத்தைக் குறைக்க அது விடாது, பயாஸிலிருந்து குறைப்பதைத் தடுக்காது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது எந்தப் பூட்டு என்று கண்டறிவது. விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தின் அடியில் விபிஎஸ் இயங்குகிறதா என்று எழுதியிருக்கும். த்ராட்டில்ஸ்டாப்பின் மின்னழுத்தச் சாளரத்தில் 'லாக்டு' என்ற சொல் தெரிந்தால் பூட்டியது பெரும்பாலும் பயாஸ். அந்நிலையில் மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பதில் ஒரு பயனும் இல்லை. டிரைவர் கோப்பே காணாமல் போயிருந்தால் டிஃபெண்டரின் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' பக்கத்தில் அதன் பெயர் இருக்கும்.

இப்போது வழிகளுக்கு வருவோம். மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பது எல்லோரும் முதலில் கைவைக்கும் வழி. நான் கடைசியில் வைப்பது. அதன் கணக்கு தோற்றத்தைவிடச் சிக்கலானது. அந்த ஒரு சுவிட்சை அணைத்தாலே ஹைப்பர்வைசர் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். லினக்ஸுக்கான துணை அமைப்பின் இரண்டாம் பதிப்போ, ஹைப்பர்-வியோ, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மோ நிறுவப்பட்டிருந்தால் ஹைப்பர்வைசர் தொடர்ந்து இயங்கும். அண்டர்வோல்ட் அப்போதும் பலிக்காது. எண்டர்பிரைஸ் பதிப்புகளில் கிரெடென்ஷியல் கார்டும் அதை எழுப்பிவிடும். இவை அனைத்தையும் நீக்கி, துவக்க அமைப்பிலேயே ஹைப்பர்வைசரை நிறுத்தினால்தான் பாதை திறக்கும். டாக்கரிலோ மெய்நிகர் கணினியிலோ தினமும் வேலை செய்யும் மென்பொருளாளருக்கு இது நடக்கிற காரியமில்லை.

அணைப்பதற்குச் சாதகமாக ஒரு வலுவான வாதம் உண்டு. மெமரி இன்டெக்ரிட்டி இலவசமாக வருவதில்லை. விளையாட்டுகளின் வேகத்தை அது சற்றுக் குறைக்கிறது. விளையாடும்போது வேகம் வேண்டுமானால் இதையும் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மையும் அணைத்துக்கொள்ளலாம், முடித்தபின் மீண்டும் இயக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்டே 2022-இல் எழுதியது. இந்தச் சரிபார்ப்புக்கான வன்பொருள் வசதி இன்டெலில் 7-ஆம் தலைமுறையிலும் ஏஎம்டியில் சென் 2 கட்டமைப்பிலும்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அதே வேலை மென்பொருளால் போலியாகச் செய்யப்படுவதால் இழப்பு கூடுதல். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசசர்களிலேயே ரைசன் 2000 வரிசை இந்த வசதி இல்லாதது. அத்தகைய ஒரு மேசைக் கணினியில் விளையாட்டைத் தவிர வேறெதுவும் இல்லை, வங்கிக் கணக்கோ அலுவலகக் கோப்போ அதில் திறக்கப்படுவதில்லை என்றால் அணைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பகலில் அலுவலகம், இரவில் விளையாட்டு, இடையில் வருமானவரித் தாக்கல் என்று எல்லாவற்றையும் சுமக்கும் ஒரே மடிக்கணினியில் சில டிகிரி வெப்பத்துக்காக இதை அணைப்பது வாங்குவதைவிட விலை அதிகமான பேரம்.

அணைத்தே தீர வேண்டும் என்பவர் ஒன்றை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். மெமரி இன்டெக்ரிட்டி நின்றாலும் தடைப்பட்டியல் தன்னளவில் இயங்க முடியும். அதற்கான சுவிட்ச் அதே கோர் ஐசோலேஷன் பக்கத்தில் தனியாக இருக்கிறது. மெமரி இன்டெக்ரிட்டி இயங்கும்வரை மங்கலாகத் தெரியும் அந்தச் சுவிட்ச், அது நின்றதும் தொடக்கூடியதாக மாறும். அறிவுரை சொல்பவர்கள் அதையும் சேர்த்து அணைக்கச் சொல்வார்கள். அண்டர்வோல்ட்டுக்கு அது தேவையில்லை. ஒரு மென்பொருள் இயங்க வேண்டுமானால் தடைப்பட்டியலை அணைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த மென்பொருளின் டிரைவரில் தெரிந்த ஓட்டை இருக்கிறது, அது திருத்தப்படவில்லை என்று பொருள். அந்த மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு மிகவும் உவப்பான வழி ட்யூனிங்கைப் பயாஸுக்கே கொண்டுபோவது. கணினி எழும்போதே பயாஸ் மின்னழுத்தத்தை அமைத்துவிட்டுப் போனால், பின்னர் வரும் ஹைப்பர்வைசருக்கு அதில் இடைமறிக்க ஒன்றுமில்லை. டிரைவரும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதில் தயக்கமே வேண்டியதில்லை. ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசர் பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸில் இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக மின்னழுத்த வளைவைத் தாழ்த்தலாம். விபிஎஸ் இயங்கும்போது திறக்கவே மறுத்த, ஏஎம்டியின் ட்யூனிங் மென்பொருளான ரைசன் மாஸ்டரின் பல பதிப்புகளோடு மல்லுக்கட்டியவர்கள், அதே வேலை பயாஸில் சத்தமில்லாமல் முடிவதைக் கண்டு வியப்பார்கள். விலை ஒன்று உண்டு: அளவு மிஞ்சினால் விண்டோஸுக்குள் நுழைவதற்கு முன்பே கணினி தடுமாறும், பயாஸ் அமைப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே சிறு படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படிக்கும் பின் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 'வியா-லாகர்' பதிவுகள் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 19 என்ற எண்ணுடன் வரும் பதிவு, வன்பொருள் பிழை நேர்ந்து திருத்தப்பட்டது என்பதற்கான எச்சரிக்கை; நீலத்திரை வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே ஒரு படி பின்வாங்கிவிடுவது நல்லது.

மடிக்கணினிகளில் நிலைமை வேறு. விளையாட்டுக்கென விற்கப்படும் சில மாடல்களைத் தவிர மற்றவற்றின் பயாஸில் இந்த அமைப்பு கண்ணில் படுவதில்லை. மறைந்திருக்கும் பயாஸ் மாறியைத் தனி ஷெல் ஒன்றின் மூலம் மாற்றி எழுதிப் பூட்டைத் திறக்கும் முறையும், பிளண்டர்வோல்ட்டுக்கு முந்தைய பயாஸுக்குத் திரும்பும் முறையும் பரவலாகப் பேசப்படுகின்றன. முதலாவதில் மாறியின் முகவரி பயாஸ் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தவறான முகவரியில் எழுதினால் மடிக்கணினி எழவே எழாமல் போகலாம், அதைத் திருத்தச் சிப்பைக் கழற்றத் தெரிந்த சர்வீஸ் கடை வேண்டும். இரண்டாவதில், அண்டர்வோல்ட் திரும்பக் கிடைக்கும் அதே அடியில் இத்தனை ஆண்டு ஃபர்ம்வேர் பாதுகாப்புத் திருத்தங்கள் அனைத்தும் போய்விடும். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் பூட்டிய மடிக்கணினிக்கு என்ன வழி? மின்னழுத்தத்தை விட்டுவிட்டு மின்திறனைப் பிடிப்பது. வேகமும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும் அண்டர்வோல்ட்டுக்கு இது ஈடாகாது. இங்கே கொஞ்சம் வேகத்தைக் கொடுத்துத்தான் குளிர்ச்சியை வாங்க வேண்டும். ஆனால் இதற்கு எந்த அந்நிய டிரைவரும் தேவையில்லை. விண்டோஸின் பவர் திட்டத்தில் பிராசசரின் உச்ச நிலையை 99 சதவீதம் என்று அமைத்தால், பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டிப் பாயும் டர்போ நின்றுவிடும். எழுத்து வேலை, உலாவி, காணொளிக் கூட்டம் ஆகியவற்றில் வித்தியாசம் தெரிவதே அரிது, விசிறி மட்டும் அடங்கிப்போகும். டர்போவை முழுவதும் இழக்க மனமில்லாதவர்கள், அதே இடத்தில் மறைந்திருக்கும் 'பூஸ்ட் மோட்' அமைப்பை வெளிக்கொணர்ந்து மென்மையான நிலை ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பல மடிக்கணினிகளில் உற்பத்தியாளரின் 'சைலன்ட்', 'பேலன்ஸ்டு' முறைகளே மின்திறன் வரம்புகளைத் தாழ்த்திவிடுகின்றன. அவை எழுதப்படுவது ஃபர்ம்வேர் வழியாக என்பதால் மெமரி இன்டெக்ரிட்டிக்கும் அவற்றுக்கும் சண்டையில்லை.

கிராஃபிக்ஸ் கார்டின் நிலை இன்னும் எளிது. என்விடியா கார்டின் மின்னழுத்த வளைவை ஆஃப்டர்பர்னரில் மாற்றும்போது, அந்தக் கோரிக்கை என்விடியாவின் சொந்த டிரைவர் வழியாகவே போகிறது. அதனால் பிராசசருக்கு மூடிய கதவு கார்டுக்குத் திறந்தே இருக்கிறது. பழைய ஆர்டிகோர்64 கோப்பு ஒட்டிக்கொண்டிருக்காதபடி ஆஃப்டர்பர்னரின் புதிய பதிப்பைப் பயன்படுத்தினால் போதும். விளையாட்டு மடிக்கணினியின் வெப்பத்தில் பெரும்பங்கு கார்டிலிருந்து வருவதால், பிராசசரோடு போராடும் பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

விசிறியும் வெப்பமானியும் மட்டுமே தேவையென்றால் மென்பொருளைப் புதுப்பிப்பதோடு வேலை முடிந்துவிடும். வின்ரிங்0 விழுந்த பிறகு லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர், ஃபேன் கண்ட்ரோல் ஆகியவை பான்ஐஓ என்ற டிரைவருக்கு மாறின. இதன் கட்டமைப்பு வேறு: முழு அதிகாரத்தையும் முகப்பு மென்பொருளிடம் கொடுத்துவிடாமல், குறிப்பிட்ட வேலைக்கென எழுதிக் கையொப்பமிடப்பட்ட சிறு நிரல்களை மட்டும் டிரைவர் தனக்குள் இயக்குகிறது. விசிறிச் சிப்போடு பேசும் நிரலால் நினைவகத்தைத் துருவ முடியாது. இதை விட்டுவிட்டு, பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு டிஃபெண்டரில் விதிவிலக்கு எழுதிக்கொடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

லினக்ஸுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். 2019-இல் வந்த 5.4 கெர்னலில் 'லாக்டவுன்' என்ற அமைப்பு சேர்ந்தது. உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் செக்யூர் பூட்டுடன் எழும்போது அது தானாக இயங்கி, எம்எஸ்ஆரில் எழுதுவதைத் தடுத்துவிடுகிறது. செக்யூர் பூட்டை அணைத்தால் இன்டெல்-அண்டர்வோல்ட் போன்ற கருவிகள் வேலை செய்யும். பயாஸ் பூட்டியிருந்தால் அங்கும் செய்யாது. இரண்டு இயங்குதளங்களும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன.

இணைய விளையாட்டு ஆடுபவர்களுக்கு இன்னொரு நெருக்கடி. வேலரண்ட் விளையாட்டின் ஏமாற்றுத்தடுப்பு மென்பொருளான வான்கார்ட் 2020-இலேயே குறையுள்ள டிரைவர்களைத் தடுத்து, விசிறி மென்பொருள்கள் நின்றுபோகும்படி செய்தது. விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் கேட்கிறது. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. ட்யூனிங்குக்காகப் பாதுகாப்பைத் தளர்த்தியவர், எந்த விளையாட்டுக்காகத் தளர்த்தினாரோ அதிலேயே நுழைய முடியாமல் நிற்கக்கூடும்.

மேசைக் கணினி என்றால் பயாஸ். பூட்டிய மடிக்கணினி என்றால் பவர் திட்டமும் கார்டின் வளைவும். விசிறிக்குப் புதிய டிரைவர் கொண்ட பதிப்பு. பூட்டாத பழைய இன்டெல் மடிக்கணினி ஒன்று கையில் இருந்து, அதில் இழக்க ஏதுமில்லை என்ற இடத்தில் மட்டும் ஹைப்பர்வைசரை நிறுத்தித் த்ராட்டில்ஸ்டாப்பை வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், முன்பு முயன்று கைவிட்ட மென்பொருள்களின் டிரைவர்கள் நிறுவல் நீக்கத்துக்குப் பிறகும் தங்கிவிடுவதுண்டு. கோர் ஐசோலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டியை இயக்க முயலும்போது, ஒத்துவராத டிரைவர்களின் பட்டியலை விண்டோஸே கோப்புப் பெயருடன் காட்டுகிறது. அந்தப் பெயரைக் கொண்டு எந்த மென்பொருளின் மிச்சம் என்று கண்டுபிடித்து, அதற்குரிய டிரைவர் சேவையை முதலில் நிறுத்தி நீக்கிவிட்டு, கோப்பை அழித்து, கணினியை மறுபடி துவக்கிய பின் சுவிட்சைத் தொட்டால் அது இயங்கிவிடும்.